கூலர் மாற்றினேன், கொம்பியூட்டர் கிளம்பவில்லை

மே 8, இரவு 10.20

ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றன, லைட் எரிகிறது, மொனிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. இன்று மத்தியானம் வரை வேலை செய்த கொம்பியூட்டர். நடுவில் நான் செய்தது ஒன்றே ஒன்று, புரொசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரை மாற்றியது. எங்கே பார்க்க வேண்டும்?

சாமான்கள்: ரைசன் 5 3600, பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் இரண்டு, தனிக் கிராஃபிக் கார்ட், 550 வாட் பவர் சப்ளை. புரொசசரோடு பெட்டியில் வந்த சின்னக் கூலரைக் கழற்றிவிட்டு, நான்கு செப்புக் குழாயும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர் ஒன்றைப் பூட்டினேன்.

மாற்றியதற்குக் காரணம் உண்டு. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மட்டக்களப்பு கல்லடியில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு என் கடைக்குள் நிற்க ஏலாது. வீடியோ ரெண்டர் (வெட்டி ஒட்டிய வீடியோவை முழுப் படமாக ஆக்கும் வேலை) போட்டால் புரொசசர் 95 பாகையைத் தொடுகிறது. அந்தப் புரொசசருக்கு அதுதான் உச்ச வரம்பு. தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது.

நான் வைத்திருப்பது சின்னக் கொமினிகேஷன் ஒன்று. போட்டோக்கொப்பி, டைப்பிங், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ். வைகாசி வருகிறது. கண்ணகி அம்மன் சடங்கு நோட்டீஸ் மூன்று கோயிலுக்கு இந்தக் கொம்பியூட்டருக்குள்ளேதான் கிடக்கிறது. கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் ஐயா ஒருவர் நாளை மறுநாள் புரூஃப் பார்க்க வருவார். அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.


மே 8, இரவு 11.45

முதலில் எல்லாரும் சொல்வதைப் பார்த்துவிட்டேன். மதர்போர்டின் மேல் மூலையில் புரொசசருக்கென்று தனியாக எட்டுக் கால் பவர் பிளக் உண்டு. டவர் கூலர் பூட்டும்போது கை இடிக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறப்பவர்கள் நிறைய. போடாவிட்டாலும் ஃபேன் சுற்றும், லைட் எரியும், படம் வராது. என்னுடையது போட்டபடிதான் இருக்கிறது. கழற்றித் திரும்பவும் அழுத்திப் போட்டேன். மாற்றமில்லை.

மொனிட்டர் வயர் கிராஃபிக் கார்டில்தான் இருக்கிறது. இந்தப் புரொசசருக்குள் கிராஃபிக் இல்லை, மதர்போர்டில் குத்தினால் எந்தக் காலத்திலும் படம் வராது. அதுவும் சரி.


மே 9, காலை 6.10

நித்திரை வரவில்லை. வெள்ளாப்பிலேயே கடையைத் திறந்துவிட்டேன்.

மதர்போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி லைட் இருக்கிறது: சிபியு, ரேம், கிராஃபிக், பூட் என்று. கிளம்பும்போது ஒவ்வொன்றையும் சோதித்து, சரியென்றால் அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். எங்கே நிற்கிறதோ அங்கே கோளாறு. என்னுடையது ரேமில் நிற்கிறது. இரவு அவசரத்தில் இதைக் கவனிக்கவில்லை.

ரேம் இரண்டையும் கழற்றி, கால்களை வெறும் அழிறப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் ரேம், இரண்டாம் ரேம், நான்கு ஸ்லொட்டும். டவர் கூலரின் ஃபேன் ரேமின் தலையை அழுத்துகிறதோ என்று ஃபேனைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். அதே லைட்.


மே 9, காலை 8.30

பட்டரியையும் கழற்றினேன், மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பட்டரி. பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பட்டரி இல்லாமல் பத்து நிமிடம் வைத்து, திரும்பப் போட்டேன். பழைய செட்டிங் எல்லாம் அழிந்து ஆரம்ப நிலைக்கு வரும். சில கோளாறுகள் இதிலேயே போய்விடும். என்னுடையது போகவில்லை.

எனக்கு இப்போது பவர் சப்ளையில்தான் சந்தேகம். 2022-ல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய மாதத்தில் பழையது அடிபட்டுப் போனது. அதற்குப் பதிலாக டவுனில் ஒரு கடையில் வாங்கியதுதான் இது. வாங்கும்போதே பெட்டி திறந்திருந்தது. பாவித்த சாமானைப் புதிதென்று தந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பாலத்தைக் கடந்து அந்தக் கடைக்குத்தான் போகப் போகிறேன்.


மே 9, பின்னேரம் 4.50

காலையில் எழுதியதன் கடைசிப் பந்தியைத் திருத்துகிறேன். அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். ஆனால் அது பிழை.

பவர் சப்ளை நன்றாக இருக்கிறது. கடைத் தம்பி என் கண் முன்னாலேயே அதை வேறொரு கொம்பியூட்டரில் பூட்டி அரை மணி நேரம் ஓடவிட்டார். ஒரு சத்தமில்லை. காசும் வாங்கவில்லை. அவர் கடையைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு ஆதாரமும் என்னிடம் இல்லை. பெட்டி திறந்திருந்தது உண்மை, ஆனால் அன்று சோதித்துக் காட்டுவதற்காக அவரே திறந்தது என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

பவர் சப்ளையைத் திருப்பித் தரும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அண்ணன், பழைய கூலரைக் கழட்டக்குள்ள புரொசசரும் சேர்ந்து வந்ததா?”

வந்தது. நேற்று இரவு எழுதியபோது அதை நான் எழுதவில்லை. முக்கியம் என்று படவில்லை. இழுத்தேன், ‘டக்’கென்று சத்தம் வந்தது, பார்த்தால் கூலரின் அடியில் புரொசசர் ஒட்டிக்கொண்டு வெளியே இருந்தது. பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடையில் விட்டு அதைப் பிரித்தேன், இரண்டுக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பேஸ்ட்டைத் துடைத்தேன், புரொசசர் உட்காரும் சொக்கெட்டின் லீவரைத் தூக்கி முக்கோண அடையாளம் பார்த்துத் திரும்ப வைத்தேன். முழுதாக இறங்கவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், இறங்கியது.

“அழுத்தினேன்” என்றதும் தம்பியின் முகம் மாறிவிட்டது.

“ஐயோ அண்ணன், அது தானா விழோணும். அழுத்த ஒண்ணா.”


மே 9, இரவு 7.30

கழற்றிப் பார்த்துவிட்டேன். புரொசசரின் அடியில் ஒரு மூலைக்குப் பக்கத்தில் ஐந்து கால் (பின்) வளைந்திருக்கிறது. அதில் ஒன்று ஏறத்தாழப் படுத்தே விட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. இந்த வகை, அதாவது ஏஎம்4 சொக்கெட்டில், கால்கள் புரொசசரின் அடியில் இருக்கின்றன: 1331 கால். சொக்கெட்டுக்குள் ஒரு லீவர் அந்தக் கால்களைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மேலே அமுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. கூலருக்கும் புரொசசருக்கும் இடையில் உள்ள பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து பசை மாதிரி இறுகிவிடும். குளிர்ந்த கொம்பியூட்டரில் கூலரை நேரே மேலே இழுத்தால் லீவரின் பிடியை விடப் பேஸ்ட்டின் பிடி கூடுதல். புரொசசர் சொக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். நேரே வந்தால் தப்பும். ஒரு பக்கம் முதலில் எழும்பினால் மறுபக்கக் கால்கள் வளையும்.

ரேம் லைட் ஏன் எரிந்தது என்பதும் இப்போது விளங்குகிறது. ரேமோடு பேசும் பகுதி புரொசசருக்குள்ளேதான் இருக்கிறது. ரேமுக்குப் போகும் கால் ஒன்று சொக்கெட்டில் சரியாகப் படாவிட்டால், போர்டுக்குத் தெரிவது “ரேம் இல்லை” என்பதுதான். நான் ரேமை ஐந்து தடவை துடைத்துக்கொண்டிருந்தேன். வருத்தம் ரேமிலே இல்லை.

இண்டெல் பக்கம் என்ன நிலைமை என்று கேட்டவருக்கு: அங்கே 2004-லிருந்தே கால்கள் மதர்போர்டில், புரொசசரின் அடி மட்டம். என் புரொசசரைச் செய்யும் ஏஎம்டியும் 2022-ல் வந்த ஏஎம்5-ல் அப்படி மாற்றிவிட்டது. மேலே சட்டமும் இருக்கிறது, ஆகவே கூலரோடு பிடுங்கிக்கொண்டு வராது. ஆனால் அங்கே கால் வளைந்தால் போர்டில் வளையும், அது இதை விட நுணுக்கமான வேலை.


மே 9, இரவு 9.15

0.5 பேனைப் பென்சிலின் நுனிக் குழாயைக் காலில் மாட்டி நிமிர்த்தலாம் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான், பலர் செய்கிறார்கள். நான் ஒரு காலில் பிடித்துப் பார்த்தேன். என் கை நடுங்குகிறது. வைத்துவிட்டேன். கடையின் வருமானம் முழுக்க இந்த நான்கு சென்டிமீட்டர் சதுரத்துக்குள்ளே இருக்கிறது என்ற நினைப்போடு அதைத் தொட முடியாது.

படுத்து எழும்பி யோசிக்கிறேன்.


மே 10, மத்தியானம் 1.00

காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவிதான் சொன்னாள், “மாமாட்ட கொண்டு போங்களன்” என்று. அவளுடைய தகப்பன் நாற்பது வருடமாக நகை வேலை செய்கிறார். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று தெரியவில்லை.

புரொசசரை ரேம் வந்த பிளாஸ்டிக் உறைக்குள் கால்கள் மேலே பார்க்க வைத்துக் கொண்டு போனேன். மாமா கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, பட்டறை விளக்கின் கீழே நெடுநேரம் பார்த்தார்.

“மருமகன், இதெல்லாம் பவுணா?”

“முலாம் மட்டும்தான் மாமா.”

“எத்தினை கால்?”

“ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொண்டு.”

“நானும் கல்லுப் பதிச்சிருக்கன் எண்டு சொல்லித் திரியிறன்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான் பென்சில் குழாயைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணம் எனக்குப் பெரிய பாடம். கம்பியை ஒரு தரம் வளைத்தால் நிமிர்த்தலாம். இரண்டாம் தரம் வளைத்தால் அந்த இடம் இறுகிப் போகும். மூன்றாம் தரம் முறிந்துவிடும். நகையென்றால் பழுக்கக் காய்ச்சி இளக்கிவிட்டு வேலை செய்வார்கள். “இதைக் காய்ச்ச ஒண்ணா. ஆனபடியா ஒரே தரத்தில நிமித்திப்போடோணும். கூட நிமித்திப்போட்டு மறுகா இஞ்சால வளைக்கிற வேலை வைக்கப்படாது.”

சவரப் பிளேட்டின் மழுங்கிய பக்கத்தை நல்ல கால்களின் வரிசைக்கு இடையில் நேராக விட்டார், வரிசை எங்கே என்று தெரிவதற்கு. பிறகு ஊசிமூக்குச் சாமணத்தால் ஒவ்வொரு காலாக. பிடித்து இழுக்கவில்லை. அடியிலிருந்து தடவித் தடவி எழுப்பினார். படுத்துக் கிடந்த காலுக்கு மட்டும் இருபது நிமிடம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வேலை முடிந்ததும் புரொசசரை நான்கு பக்கமும் சாய்த்து விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். சோளப் பாத்தி மாதிரி எல்லா வரிசையும் நேர்.

கூலி வாங்கவில்லை. நோட்டீஸில் அம்மன் படம் தெளிவாக விழ வேண்டும் என்று மட்டும் சொன்னார்.


மே 10, பின்னேரம் 3.40

படம் வந்துவிட்டது!

இந்த முறை புரொசசர் தானாக விழுந்தது. விரல் படவில்லை. லீவரை இறக்கினேன், புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பயறளவு, கூலர், சுவிட்ச். ரேம் லைட் எரிந்தது, அணைந்தது, கிராஃபிக் லைட், அணைந்தது, பிறகு மொனிட்டர். மகள் கைதட்டினாள்.

செட்டிங் அழிந்தபடியால் நேரமும் திகதியும் மாத்திரம் திரும்பப் போட வேண்டியிருந்தது.


மே 10, பின்னேரம் 5.30

அவசரப்பட்டுவிட்டேன். ரேம் 8 ஜிபிதான் காட்டுகிறது. இரண்டு ரேமும் உள்ளே இருக்கிறது, ஒன்றுதான் கணக்கில் வருகிறது. இடம் மாற்றினால் மற்றது வருகிறது. ஆக ரேம் இரண்டும் நல்லது, ரேமுக்குப் போகும் இரண்டு பாதையில் (சனல்) ஒன்று வேலை செய்யவில்லை.

இன்னொரு கால் சரியாகப் படவில்லை என்றுதான் நினைக்கிறேன். திரும்பவும் கழற்ற மனம் வரவில்லை. வண்ணக்கர் ஐயா ஆறு மணிக்கு வருகிறார். 8 ஜிபியில் நோட்டீஸ் அடிக்கும் கோரல் ட்ரோ ஓடும். புரூஃபைக் காட்டிவிட்டுப் பார்க்கிறேன்.


மே 10, இரவு 11.10

கால் இல்லை, ஸ்குரூ.

கடைத் தம்பிக்குப் போன் எடுத்தேன். கழற்ற முதல் கூலரின் ஸ்குரூக்களைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கச் சொன்னார். டவர் கூலர் கனமானது. நான் ஒரு மூலையைக் கடைசி வரை முறுக்கிவிட்டு, பிறகுதான் அடுத்த மூலைக்குப் போயிருக்கிறேன். அப்படிச் செய்தால் புரொசசர் ஒரு பக்கம் கூட அமுங்கி, மறுபக்கம் சொக்கெட்டில் சரியாகப் படாமல் போகலாம். நான்கையும் தளர்த்தினேன். பிறகு குறுக்கு மூலை குறுக்கு மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று இரண்டு சுற்றாக இறுக்கினேன். கார்ச் சில்லு நட் இறுக்குவது மாதிரித்தான். நின்ற இடத்தில் நிறுத்தினேன், அதற்கு மேல் பலம் கொடுக்கவில்லை.

16 ஜிபி.

அதே பழைய ரெண்டரைத் திரும்பப் போட்டேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு 73 பாகை. இரவு நேரம் என்பதால் அறை குளிர்ந்திருக்கிறது, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பகல் கணக்கைப் பிறகு எழுதுகிறேன்.

ஐயாவுக்கு நோட்டீஸ் பிடித்தது. கப்புகனார் (அம்மன் கோயில் பூசகர்) பெயரில் ஒரு எழுத்துப் பிழை மட்டும் கண்டுபிடித்தார்.


மே 13, பகல் 12.20

பகல் கணக்கு: வெளியே கச்சான் அனலாக வீசுகிறது, அதே ரெண்டர், 80-ஐத் தாண்டவில்லை. ஒன்றரை மணி நேரம் இழுத்தது முப்பத்தைந்து நிமிடத்தில் முடிகிறது.


மே 16, இரவு 8.45

இரண்டு நாளாக ஒரு யோசனை. புதுக் கூலரே தேவைப்பட்டிருக்குமா?

கழற்றிய பழைய கூலரை இன்று எடுத்துப் பார்த்தேன். அலுமினியத் தகடுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரியவில்லை. என் கடையில் கடதாசி வெட்டுகிறேன், போட்டோக்கொப்பி மெஷின் பக்கத்திலேயே நிற்கிறது. கடதாசித் தூசியும் டோனரும், இந்த வாவிக்கரை ஈரமும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. அந்தக் கம்பளிக்குள்ளே ஃபேன் எத்தனை வேகமாகச் சுற்றினாலும் காற்று எங்கே போகும்? பேஸ்ட் செங்கல் துண்டு மாதிரி காய்ந்து உடைந்து கிடந்தது.

பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தேன். மச்சானுடைய கொம்பியூட்டரிலும் இதே புரொசசர்தான். அவனுடைய சம்மதத்தோடு இதைப் பூட்டி, புதுப் பேஸ்ட் போட்டு, என் ரெண்டரையே அதில் ஓடவிட்டேன். இரவில் 84 பாகை. டவர் கூலர் அளவுக்கு இல்லை, ஆனால் 95-உம் இல்லை, வேகமும் குறையவில்லை.

ஆகவே யாராவது கேட்டால் நான் இப்போது சொல்வது: முதலில் தூசியைத் தட்டுங்கள், பேஸ்ட்டை மாற்றுங்கள், ஒரு கிழமை பாருங்கள். பிறகும் சூடென்றால் கூலர் வாங்குங்கள். எட்டாம் திகதி நான் எழுதியதைப் படித்துவிட்டு நேரே கடைக்குப் போய்விடாதீர்கள். டவர் கூலர் வாங்கியதற்கு நான் வருந்தவில்லை, பகலில் இந்த அறையில் அது தேவைதான். ஆனால் அந்த வரிசையில் செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கடற்கரைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கேஸின் பின்பக்க ஸ்குரூக்களைப் பாருங்கள். என்னுடையதில் நான்கு துருப்பிடித்து இறுகிவிட்டன. உப்புக் காற்று. கழற்றும்போதே ஒவ்வொன்றாக மாற்றிவிடுவது நல்லது.


மே 27, காலை 7.00

நேற்று இரவு திருக்குளிர்த்தி முடிந்தது. விடியும் வரை கோயிலில் நின்று வீடியோ எடுத்தேன். வேப்பிலை வாசம் இன்னும் சட்டையில் இருக்கிறது. கோடையின் சூடு தணிய அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு இது. குளிர்த்திப் பாட்டு நடக்கும்போது கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. மாமா முன் வரிசையில் இருந்தார், கையில் எங்கள் நோட்டீஸை மடித்து வைத்திருந்தார்.

வீடியோ இப்போது ரெண்டரில் போகிறது. 76.


ஜூன் 2, பின்னேரம் 6.15

கல்முனையிலிருந்து ஒரு தம்பி தன் கொம்பியூட்டரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இதே ஏஎம்4, ஐந்து வருடம் கழற்றாத கூலர். இங்கே எழுதியதைப் பார்த்துவிட்டுத் தனியாகச் செய்யப் பயந்து வந்திருக்கிறார்.

கழற்றுவதற்கு முன் கொம்பியூட்டரைப் போட்டு, வேலை கொடுத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றினோம். பேஸ்ட் இளக வேண்டும் என்பதற்காக. அணைத்து, வயரைப் பிடுங்கி, நான்கு ஸ்குரூவையும் குறுக்கு மூலையாகத் தளர்த்தினோம். நான் மேலே இழுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக, போத்தல் மூடி திறப்பது மாதிரி மெதுவாகத் திருகினேன். முதலில் அசையவில்லை. மறுபடியும் கொஞ்சம். மறுபடியும். ஒரு கட்டத்தில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

தம்பி குனிந்து சொக்கெட்டைப் பார்த்தார். “புரொசசர் உள்ளதான் இரிக்கி அண்ணன்” என்றார்.